மோக்கோ: “அந்த முகத்துல என்ன எழுதியிருக்கு?” – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிவந்து 11 வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஏர்போர்ட்டிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். பாஸ்போர்ட் பார்த்த அதிகாரியின் தாடையில் கோலம் மாதிரி ஏதோ இருந்தது, அது என்ன என்பார்கள். வாட்ஸ்அப்பில் அண்ணன் பையன் கேட்பான், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்பார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மோக்கோ என்பது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் முகத்திலும் உடம்பிலும் போட்டுக்கொள்ளும் கோலம். நான் மாவோரி இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. ஒரு நூலகத்தில் மாவோரிகளோடு சேர்ந்து வேலை பார்ப்பவன், அவ்வளவுதான். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

“நம்ம பாட்டிங்க கையில பச்சை குத்தியிருப்பாங்களே, அது மாதிரிதானே இதுவும்?”

பார்வைக்கு அப்படித் தோன்றும். இரண்டும் தோலுக்குள் கரியை இறக்கும் வேலைதான். ஆனால் பச்சை ஊசியால் குத்தியது, தடவிப் பார்த்தால் தோல் வழவழவென்றே இருக்கும். பழைய மாவோரி முறையில் உளியால் தோலைச் செதுக்கினார்கள். ஆறிய பிறகும் முகத்தில் வாய்க்கால் வெட்டியது போல் பள்ளமும் மேடுமாக நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே கோட்டைப் பின்தொடரலாம். மரச்சிற்பத்தில் தேர்ந்த மக்கள் அதே கையோடு முகத்தையும் செதுக்கினார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கலைக்குப் பெயர் ‘தா மோக்கோ’. ‘தா’ என்றால் தட்டுதல், அடித்தல். ‘மோக்கோ’ என்பது முகத்திலோ உடம்பிலோ நிற்கும் அந்த வடிவம். இனி மோக்கோ என்றே சொல்கிறேன்.

“டாட்டூன்னு சொன்னா கோவிச்சுப்பாங்களா?”

பெரும்பாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் மோக்கோ என்றால் முகம் மலரும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘டாட்டூ’ என்பதே பசிபிக் தீவுகளின் சொல்தான். தஹிதியிலும் சமோவாவிலும் ‘தத்தாவ்’ என்பார்கள். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் கப்பல்கள் 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போய்வந்த பிறகு அது ஆங்கிலத்தில் ஏறிக்கொண்டது. 1769-இல் குக்கோடு நியூசிலாந்துக்கு வந்த ஓவியர் சிட்னி பார்கின்சன் வரைந்த மாவோரி முகங்கள்தான் ஐரோப்பா முதலில் பார்த்த மோக்கோ.

“முகத்துல உளியா? எப்படிச் செஞ்சாங்க, கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.”

உளிக்குப் பெயர் ‘உஹி’. பெரும்பாலும் ஆல்பட்ராஸ் என்கிற பெரிய கடற்பறவையின் எலும்பில் செய்வார்கள். பட்டையாகத் தேய்த்த எலும்பை, சின்ன மண்வெட்டி போல, ஒரு மரப்பிடியில் செங்குத்தாகக் கட்டியிருப்பார்கள். உளியில் இரண்டு வகை. ஒன்றின் முனை நேராக, கூர்மையாக இருக்கும். அது தோலை வெட்டுவதற்கு. மற்றதன் முனையில் சீப்பு போலப் பல் இருக்கும். அதைக் கரியில் தோய்த்து, முதலில் வெட்டிய பள்ளத்தில் வைத்து மறுபடி தட்டுவார்கள். தட்டுவதற்கு ஒரு சின்னக் கொட்டாப்புளி. ஒரே கோட்டின் மேல் இரண்டு முறை உளி போகிறது என்பதைக் கவனியுங்கள்.

செய்பவரை ‘தொஹுங்கா தா மோக்கோ’ என்பார்கள். தொஹுங்கா என்றால் ஒரு கலையில் கரைகண்டவர். முதலில் முகத்தின் எலும்பமைப்பைப் பார்த்துக் கரியால் கோடு போட்டுக்கொள்வார், பிறகுதான் உளி. முழு முகமும் ஒரே மூச்சில் முடியாது. கொஞ்சம் செய்து, புண் ஆறவிட்டு, மறுபடி தொடர்வார்கள்; சிலருக்கு வருஷக்கணக்கில் இழுக்கும். ஐரோப்பியர் வந்த பிறகு இரும்பு உளி வந்தது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊசி வந்தது. இன்றைக்குப் பெரும்பாலும் மெஷின்தான். எலும்பு உளியைத் திரும்பக் கையில் எடுத்திருக்கும் கலைஞர்களும் இருக்கிறார்கள்.

“அந்தக் கருப்பு மை எதுல செஞ்சது?”

கவுரி என்ற மரத்தின் பிசினை எரித்து, அந்தப் புகைக்கரியைப் பிடித்து எடுப்பார்கள். நம் குங்கிலியம் மாதிரி ஒரு பிசின்தான். முகத்துக்கு இந்தக் கரி. உடம்புக்கு இன்னொன்று உண்டு, கேட்டால் கொஞ்சம் அருவருப்பாக இருக்கும்: மண்ணுக்குள் வாழும் ஒரு புழுவின் உடம்பில் காளான் முளைத்து, புழு அப்படியே மரக்குச்சி போல இறுகிவிடும். அதன் பெயர் ‘ஆஃபெத்தோ’. அதை எரித்துக் கரியாக்குவார்கள். கரி வைக்கும் சின்னச் சிமிழ் செதுக்கு வேலைப்பாடோடு இருக்கும். அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரும் குடும்பச் சொத்து.

“வலி தாங்கியிருப்பாங்களா? வாயெல்லாம் வீங்கினா எப்படிச் சாப்பிடுறது?”

வலி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. உளி ஓடும்போது சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். உதடு வீங்கி வாயைத் திறக்க முடியாதவருக்கு, செதுக்கு வேலை செய்த ஒரு மரப் புனலை வாயில் வைத்து நீர்த்த உணவை ஊற்றுவார்கள். அதன் பெயர் ‘கோரெரே’. பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டுவது போலத்தான். வீக்கத்துக்குக் காரக்கா மரத்தின் இலையை வைத்துக் கட்டுவார்கள்.

புனலுக்கு வீக்கம் மட்டும் காரணமில்லை. மோக்கோ செய்துகொள்ளும் நாட்களில் அந்த ஆள் ‘தபு’. தபு என்பதை நாம் தீட்டு என்று மொழிபெயர்த்துவிடுவோம், அது பாதிதான் சரி. அசுத்தம் என்ற பொருள் இதில் இல்லை. புனிதம் ஏறியிருப்பதால் விலக்கி வைக்கப்பட்டவர். கிட்டத்தட்ட மாலை போட்டவரிடம் நாம் நடந்துகொள்வது மாதிரி. மாவோரிகளுக்கு உடம்பிலேயே மிகப் புனிதமான இடம் தலை. அங்கே ரத்தம் சிந்துகிறது என்றால் தபு இன்னும் கூடும். சமைத்த உணவு தபுவை இறக்கிவிடும் என்பது நம்பிக்கை. அதனால் அந்த நாட்களில் அவர் கையால் உணவைத் தொடக் கூடாது. இந்தத் தபுவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தலைகளைப் பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

“இதுக்கு ஏதாவது புராணக் கதை இருக்கா?”

இருக்கிறது. நல்ல கதை, ஆனால் சங்கடமான தொடக்கம். மத்தாவோரா என்று ஒரு தலைவன். கீழுலகமான ராரோஹெங்காவைச் சேர்ந்த நிவாரெக்காவைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒருநாள் கோபத்தில் அவளைக் கைநீட்டி அடித்துவிட்டான். கீழுலகத்தில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவள் கிளம்பி அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

புத்தி வந்து அவளைத் தேடி அவனும் இறங்கினான். அங்கே மாமனார் உவெத்தோங்கா ஒருவர் முகத்தில் மோக்கோ செதுக்கிக்கொண்டிருந்தார். மத்தாவோராவின் முகத்திலும் அழகான கோடுகள் இருந்தன, ஆனால் எல்லாம் பூசியது. மாமனார் அதைக் கையால் துடைக்க, கோடு அழிந்து முகம் அலங்கோலமானது, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கப்பட்டுப்போன மருமகன், எனக்கும் நிஜமானதைச் செய்யுங்கள் என்று கேட்டான். வலியில் அவன் நிவாரெக்காவின் பெயரைச் சொல்லிப் பாட, அந்தப் பாட்டு அவள் காதுக்குப் போக, அவள் வந்து அவனைப் பார்த்துக்கொண்டாள். அடிக்க மாட்டேன் என்று மாமனாரிடம் வாக்குக் கொடுத்த பிறகுதான் இருவரும் மேலே வந்தார்கள். அவன் மோக்கோவைக் கொண்டுவந்தான், அவள் ‘தானிக்கோ’ என்ற நெசவைக் கொண்டுவந்தாள். ஆண்களின் முழுமுக மோக்கோவுக்கு இன்றும் பெயர் ‘மத்தாவோரா’தான். குடும்ப வன்முறையைப் பற்றிப் பேசும் மாவோரிகள் இந்தக் கதையை எடுத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு சங்கிலியும் உண்டு. நிலநடுக்கத்துக்கும் எரிமலைக்கும் உரிய தெய்வம் ரூவாவுமோக்கோ. உவெத்தோங்கா அவர் வழிவந்தவர். பூமியின் முகத்தில் கோடு கிழிக்கும் தெய்வத்தின் பெயரிலேயே மோக்கோ இருக்கிறது.

“ஆம்பளைங்களுக்கு முகம் பூரா, பொம்பளைங்களுக்குத் தாடை மட்டும். ஏன் அப்படி?”

மரபு அப்படி. பெண்களுக்குத் தாடையும் உதடும். அதற்கு ‘மோக்கோ கவுவாய்’ என்று பெயர், கவுவாய் என்றால் தாடை. ஆண்களுக்கு முகத்தோடு இடுப்புக்குக் கீழே பின்பக்கமும் தொடையும் உண்டு. ‘புஹோரோ’ என்ற தொடை வடிவம் வேகத்துக்கும் சுறுசுறுப்புக்கும் பேர்போனது. வயது வரும் பருவத்தில் தொடங்கும், ஒவ்வொரு கட்டத்திலும் சேர்ந்துகொண்டே போகும்.

எல்லாருக்கும் முழுமுகம் கிடைத்துவிடவில்லை. தலைமைக் குடும்பம், போரிலோ அறிவிலோ பெயர் எடுத்தவர் என்று ஒரு தகுதி வேண்டியிருந்தது. கலைஞருக்குக் கொடுக்க வசதியும் வேண்டும். வெறும் முகத்துக்கு ‘பாப்பாதேயா’ என்று தனிப்பெயரே இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“ஒவ்வொரு கோட்டுக்கும் என்ன அர்த்தம்? நெட்ல ஒரு சார்ட் இருக்கே, நெத்தின்னா பதவி, கன்னம்னா தொழில்னு?”

அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், அதிகம் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இதுதான். முகத்தை எட்டாகப் பிரித்து, இது பதவி, இது கல்யாணம், இது தொழில் என்று பட்டியல் போட்ட படத்தை நானும் பார்த்திருக்கிறேன். ஜாதகக் கட்டம் மாதிரி சுத்தமாக இருக்கும். எல்லாக் குலத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் அப்படி ஒரே அகராதி இருந்ததில்லை. அப்பா வழி ஒரு பக்கம், அம்மா வழி மறுபக்கம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

தனித்தனி வடிவங்களுக்குப் பெயர் உண்டு. ‘கோரு’ என்பது பெரணியின் சுருண்ட தளிர். புது உயிர், வளர்ச்சி. ‘உனாவுனாஹி’ மீன் செதில், வளம். ‘பாக்கத்தி’ நாய்த்தோல் போர்வையிலிருந்து வந்தது, வீரம். ஆனால் இவை எழுத்துக்கள் மாதிரி. ‘க’வுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் என்ன சொல்வது? அது யார் பெயரில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

மோக்கோவைப் படிக்கும் சாவி ‘ஃபாக்கபாப்பா’. ஆங்கில எழுத்தில் டபிள்யூ எச் போட்டு எழுதினாலும் பலரும் உச்சரிப்பது ஃப. வம்சாவளி என்று சொல்லலாம், ஆனால் நம் வம்சாவளி ஆட்களோடு நின்றுவிடும். இவர்களுடையது தாத்தாவின் தாத்தா வழியே, அவர்கள் வந்த படகு, குலத்துக்குச் சொந்தமான மலை, ஆறு என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே கோரு இரண்டு தாடையில் இரண்டு விஷயம். “என்ன அர்த்தம்?” என்று கேட்பதைவிட “யாருடையது?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

அப்புறம் ஒரு நுட்பம்: எப்போதும் கருப்பை மட்டும் பார்க்காதீர்கள். பல மோக்கோக்களில், கரிக்கு நடுவே விட்ட வெறும் தோல்தான் கோருவாக உருவெடுக்கும்.

“அதையே கையெழுத்தா போட்டாங்கன்னு படிச்சேன். நிஜமா?”

நிஜம். 1815-இல் ரங்கிஹூவா என்ற இடத்தில் மிஷனரிகளுக்கு 200 ஏக்கர் கொடுத்த பத்திரத்தில் தலைவரின் மோக்கோ வரையப்பட்டிருக்கிறது. விலை 12 கோடாரி. 1840 பிப்ரவரி 6-ஆம் தேதி தொடங்கி 500-க்கும் மேற்பட்ட மாவோரித் தலைவர்கள் பிரிட்டிஷ் அரசோடு ஒப்பமிட்ட வைத்தாங்கி ஒப்பந்தத்தில், பேனாவால் தங்கள் முகத்தின் ஒரு துண்டுக் கோட்டை வரைந்தவர்கள் பலர்.

எனக்குப் பிடித்தது தே பெஹி குப்பேயின் கதை. ங்காத்தி தோவா குலத்தலைவர். துப்பாக்கி வாங்க வேண்டும் என்ற வெறியில் 1824-இல் குக் நீரிணையில் போன ஓர் ஆங்கிலக் கப்பலில் ஏறி, இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து லிவர்பூல் வரை போய்விட்டார். அங்கே அவரை ஓவியம் தீட்டினார்கள். ஓவியர் தன் மோக்கோவைச் சரியாக வரைகிறாரா என்பதில்தான் அவருக்குக் கவலையெல்லாம். பிறகு தானே பேனாவை எடுத்து, கண்ணாடி பார்க்காமல், தன் முகம் முழுவதையும் கோடு பிசகாமல் வரைந்து காட்டினார். சகோதரருடையதையும் மகனுடையதையும் அப்படியே நினைவிலிருந்து வரைந்தார். வெள்ளைக்காரர் பெயரைப் பேனாவால் எழுதுகிறார், என் பெயர் இங்கே இருக்கிறது என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினாராம். உங்கள் முகத்தை, மூக்கையும் கண்ணையுமாவது, கண்ணாடி இல்லாமல் வரைந்து பாருங்கள், தெரியும்.

“மியூசியத்துல பழைய போட்டோ பார்த்தேன். பாதிப் பேர் முகத்துல ஒண்ணுமே இல்லையே?”

இருந்தது, கேமரா பார்க்கவில்லை. 1850-களுக்குப் பிறகு வந்த ஈரத்தகடு (மருந்து பூசிய ஈரக் கண்ணாடித் தகடு) முறைப் புகைப்படத்தில் நீல நிறம் வெளிறிப்போகும். தோலுக்கடியில் இருக்கும் கரி வெளியே நீலம் கலந்து தெரியும், நம் பச்சை பச்சையாகத் தெரிவது போல. அதனால் மோக்கோ தோலோடு தோலாகக் கரைந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அழியாது என்று செதுக்கியதை ஒரு கண்ணாடித் தகடு அழித்துவிட்டது. சில ஸ்டூடியோக்காரர்கள் படத்தின் மேல் தூரிகையால் கோட்டைத் திரும்பப் போட்டார்கள். அதை நம்பி வடிவத்தைப் படிக்கக் கூடாது. மைக்கேல் பிராட்லி என்ற புகைப்படக் கலைஞர் இன்றைய மோக்கோக்காரர்களை ஈரத்தகட்டிலும் டிஜிட்டலிலும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே ஆள், ஒரு படத்தில் கோடு, மறு படத்தில் வெறுமை. பார்த்தால் திக்கென்றிருக்கும்.

“இவ்வளவு முக்கியமானதை ஏன் விட்டாங்க?”

ஒரே காரணம் சொன்னால் நம்பாதீர்கள். மிஷனரிகள் எதிர்த்தார்கள். நோயும் போரும் நிலப்பறிப்பும் சேர்ந்து, கலைஞர்களையும் அவர்களுக்குச் சோறு போட்ட சமூகத்தையும் குலைத்தன. தலை வியாபாரம் வேறு. அடுத்த பதிலில் சொல்கிறேன். 1860-களில் பிரிட்டிஷாரோடு நடந்த போர்க்காலத்தில் கொஞ்சம் துளிர்த்தது, பிறகு ஆண்களிடம் ஏறக்குறைய நின்றுபோனது. 1907-இல் தொஹுங்கா ஒடுக்கச் சட்டம் வந்தது. அது முதலில் வைத்தியத்தையும் குறி சொல்வதையும் குறிவைத்ததுதான், ஆனால் பழைய அறிவு எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நிழல் விழுந்தது. 1962-இல்தான் நீக்கினார்கள்.

பெண்கள் விடவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியிலும் ஊசிக் கலைஞர்கள் ஊர் ஊராகப் போய் மோக்கோ கவுவாய் செய்தார்கள். ஆண் முகங்கள் வெறுமையான பிறகும், பாட்டிகளின் தாடையில்தான் அந்தக் கலை உயிரோடு இருந்தது. 1980-களில் இளைஞர்கள் திரும்ப எடுத்தபோது, தொட்டுப் பார்த்துத் தொடர அந்தத் தாடைகள் இருந்தன.

“மாமா, தலையை வெட்டி வித்தாங்களாமே, அதெல்லாம் கட்டுக்கதைதானே?”

கட்டுக்கதை இல்லை. தொடக்கத்தில் அது அன்பும் மரியாதையும். இறந்த தலைவரின் தலையை ஆவியிலும் புகையிலும் பதப்படுத்தி, வெயிலில் உலர்த்தி, சுறா எண்ணெய் பூசிக் குடும்பம் பாதுகாக்கும். முக்கியமான நாளில் வெளியே எடுத்து அழும். எதிரியின் தலையையும் வைத்திருப்பார்கள், சமாதானம் பேசும்போது திருப்பிக் கொடுப்பார்கள். இன்று இவற்றை ‘தோய் மோக்கோ’ என்கிறார்கள்.

துப்பாக்கி வந்ததும் எல்லாம் கெட்டது. குலங்களுக்குள் துப்பாக்கிப் போட்டி, ஐரோப்பியருக்கு விநோதப் பொருள் ஆசை. தலைக்குத் துப்பாக்கி என்று பண்டமாற்று. தலை போதாமல், போரில் பிடித்த அடிமைகளுக்குக் கட்டாயமாகக் கோடு போட்டு வெட்டி விற்ற கொடுமையும் நடந்தது. முகத்தில் நல்ல மோக்கோ இருந்தாலே கழுத்துக்கு ஆபத்து என்ற நிலை. 1831-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் வியாபாரத்தைத் தடைசெய்தார். ஆனாலும் உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் தலைகள் போய்ச் சேர்ந்திருந்தன. ஹொராஷியோ ராப்லி என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மட்டும் 30-க்கு மேல் சேர்த்தார். நியூசிலாந்து அரசுக்கு விற்கப் பார்த்தார், வேண்டாம் என்றார்கள். பெரும்பகுதி நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது.

2003 முதல் வெலிங்டனில் உள்ள தே பாப்பா தேசிய அருங்காட்சியகம் இவர்களை வீட்டுக்கு அழைத்து வருகிறது. ‘இவற்றை’ என்று சொல்வதில்லை. பிரான்சின் ரூவான் நகர அருங்காட்சியகம் 2007-இல் ஒரு தலையைத் தர முன்வந்தபோது, அது தேசியச் சொத்து என்று அவர்கள் அரசே தடுத்தது. தனிச் சட்டம் இயற்றி 2011-இல் கொடுத்தார்கள். 2014-இல் நியூயார்க்கிலிருந்து 35 தோய் மோக்கோக்கள் திரும்பின. தே பாப்பாவில் அவர்களைக் காட்சிக்கு வைப்பதில்லை, தனியாகப் புனித அறையில் வைத்திருக்கிறார்கள். முன்னே சொன்ன தபுதான்.

சந்தடி சாக்கில் ஒன்று: நியூசிலாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த, பழைய தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியும் இதே தே பாப்பாவிடம்தான் இருக்கிறது. மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கொலென்சோ என்ற மிஷனரி வாங்கினார்.

“இப்ப நிஜமாவே ஆபீஸ் வேலைக்குப் போறவங்க முகத்துல வச்சிருக்காங்களா?”

தாராளமாக. நனாயா மஹூத்தா 2016-இல் மோக்கோ கவுவாய் செய்துகொண்டார், 2020-இல் வெளியுறவு அமைச்சரானார். ஓரீனி கைப்பாரா அதே தாடையோடு 2021-இல் தேசியத் தொலைக்காட்சியில் மாலை நேரச் செய்தி வாசித்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ராவிரி வைத்தித்தி முழுமுக மோக்கோவோடு சபையில் பேசுகிறார். 2024-இல் பட்டமேற்ற மாவோரி அரசிக்கும் தாடையில் உண்டு, அப்போது அவருக்கு வயது 27. ஏர் நியூசிலாந்து வெளியே தெரியும் டாட்டூவுக்கான தடையை 2019-இல்தான் எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றம் ரொம்பப் பழசு இல்லை.

“ராக் தோள்ல இருக்கிறது, டைசன் கண்ணுகிட்ட இருக்கிறது, எல்லாம் மாவோரிதானே?”

ஹாலிவுட் நடிகர் ராக்கின் அம்மா வழி சமோவா. அவருடையது வேறு மரபு. பசிபிக் முழுவதும் ஒன்று என்று நினைப்பது, பரதமும் கதகளியும் ஒன்று என்பது மாதிரி. குத்துச்சண்டை வீரர் டைசனுடையது 2003-இல் ஓர் அமெரிக்கக் கலைஞர் மாவோரி வடிவங்களைப் பார்த்து வரைந்தது. கூத்து என்னவென்றால், 2011-இல் ஒரு ஹாலிவுட் படத்தில் அதே கோட்டை இன்னொரு நடிகர் முகத்தில் போட்டதற்கு, என் படைப்பைத் திருடிவிட்டார்கள் என்று அந்தக் கலைஞர் வழக்குப் போட்டார். மாவோரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது.

“அப்ப நான் ஒண்ணு குத்திக்கக் கூடாதா அண்ணா? மரியாதையாத்தான் கேக்குறேன்.”

கேட்டதே நல்லது. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: மோக்கோ ஒருவருடைய ஃபாக்கபாப்பா. இணையத்தில் பிடித்த ஒரு முகத்தைக் காட்டி இதே மாதிரி போடு என்று சொன்னால், அது முன்பின் தெரியாத ஒருவரின் தாத்தா பெயரை உங்கள் இன்ஷியலாகப் போட்டுக்கொள்வது மாதிரி.

வழி இல்லாமல் இல்லை. ‘கிரித்துஹி’ என்று ஒன்று இருக்கிறது. கிரி என்றால் தோல், துஹி என்றால் வரைதல். மாவோரி அல்லாதவருக்காக, வம்சாவளி ஏற்றாமல், அதே அழகோடு வரைந்து தருவது. மாவோரிக் கலைஞரிடமே போய், உங்கள் கதையைச் சொல்லிச் செய்துகொள்ளலாம். எல்லா மாவோரிகளும் இந்தப் பாகுபாட்டை ஏற்பதில்லை. வியாபாரத்துக்குக் கண்டுபிடித்த சொல் என்பவர்களும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், கை கால் சரி, முகம் வேண்டவே வேண்டாம்.

“மாவோரியாப் பிறந்தா மட்டும் போதுமா? மொழியே தெரியாதவங்களும் போட்டுக்கலாமா?”

இது அவர்களுக்குள்ளேயே ஓயாத வாதம். மாவோரிப் பெண் ஒவ்வொருத்தியின் தாடையிலும் மோக்கோ ஏற்கெனவே இருக்கிறது, கலைஞர் அதை வெளியே கொண்டுவருகிறார், அவ்வளவுதான் என்பது ஒரு தரப்பு. மொழி தெரிய வேண்டும், சமூகத்துக்கு உழைத்திருக்க வேண்டும், பெரியவர்கள் சம்மதிக்க வேண்டும் என்பது மறுதரப்பு. மொழியைப் பள்ளியில் அடித்து மறக்கவைத்த தலைமுறையின் பேத்தியிடம், மொழி தெரியாததால் உனக்கு மோக்கோவும் இல்லை என்று சொல்வது இரண்டாவது அடி அல்லவா என்று முதல் தரப்பு கேட்கும். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தோன்றவில்லை. 2018-இல் மாவோரி அல்லாத ஒரு பெண்ணின் தாடை மோக்கோ வெளியே தெரிந்து நாடே சண்டை போட்டது. அதைச் செய்தவர் ஒரு மாவோரிக் கலைஞர்தான் என்பதால் சண்டை இன்னும் சிக்கலானது.

“முகத்துல குத்தினவங்கன்னா ரவுடி கேங்னு சொல்றாங்களே, பயப்படணுமா?”

கேங் ஆட்கள் முகத்தில் குத்திக்கொள்வது உண்டு. அது பெரும்பாலும் கேங்கின் பெயர், நாய்த்தலை, முஷ்டி என்று அப்பட்டமாக இருக்கும். இரண்டும் ஒரே முகத்தில் இருப்பதும் உண்டு. சுருண்ட கோடும் சமச்சீரும் உள்ள முகத்தைப் பார்த்துக் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளாதீர்கள். என் கண் முன்னால் என் விருந்தாளி ஒருவர் அப்படிச் செய்தார், எதிரே நின்றவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர்.

“நேர்ல பார்த்தா என்னன்னு கேட்கலாமா? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?”

தொடக் கூடாது. கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. பேசிப் பழகிய பிறகு, உங்கள் மோக்கோவைப் பற்றிச் சொல்வீர்களா என்று கேட்கலாம். சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம். எங்கள் நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர், அவருடைய தங்கையோடு ஒரே நாளில் குலத்துப் பொதுமண்டபத்தில் மோக்கோ கவுவாய் செய்துகொண்டார். என்னையும் கூப்பிட்டிருந்தார். மெஷின் சத்தத்துக்கு மேல் ஐம்பது பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் பாயில் படுத்திருந்தார், பேத்தி கையைப் பிடித்திருந்தாள். பேரப்பிள்ளைக்கு மாவோரியில் ‘மோக்கோபுனா’ என்றே பெயர். எழுந்து உட்கார்ந்ததும் கண்ணாடியை நீட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு, “என் பாட்டி” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

போன வருஷம் என் மாமியார் வந்தபோது நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். இத்தனை விதியும் அவருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவர் நேராக அந்த அம்மாவிடம் போனார், தாடையைப் பார்த்தார், வளையலை மேலே தள்ளித் தன் முன்கையில் இருந்த பச்சைக் கோலத்தை நீட்டினார். பொது மொழி கிடையாது, நான்தான் இடையில். அந்த அம்மா முதலில் கேட்டது, “இது யார் போட்டது?” குறத்தி ஒருத்தி வருவாள், அரைப்படி அரிசிக்குக் குத்திவிட்டுப் போவாள் என்றார் மாமியார். அவர் பெயர் என்ன என்று அந்த அம்மா கேட்டார். மாமியார் கொஞ்ச நேரம் யோசித்தார். தெரியவில்லை. போட்டோ எடுக்க இருவருக்குமே ஞாபகம் வரவில்லை, நானும் கேட்கவில்லை.